எந்த நன்னன்?

எங்க ஊர் கண்ணமங்கலம். வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கிறது. மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை. மலையிலிருந்து இறங்கி வரும் நாகநதி எங்க ஊரை ஒட்டித்தான் போகிறது. காட்பாடி – விழுப்புரம் ரயில் பாதையில் எங்களுக்கென்று ஒரு ஸ்டேஷனும் உண்டு.

போன வருஷம் பெங்களூரிலிருந்து ஒரு நண்பர் காரில் வரக் கிளம்பினார். போனில் ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டு, அது காட்டிய வழியைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "ஏம்ப்பா, உங்க ஊரு எப்ப கேரளாவுக்குப் போச்சு?" என்றார். விஷயம் இதுதான். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்திலும் ஒரு கண்ணமங்கலம் இருக்கிறது. போன் அவரை அங்கே அனுப்பப் பார்த்தது. நல்லவேளை, வண்டியைக் கிளப்புவதற்கு முன்னாடியே பார்த்துவிட்டார்.

இதைக் கேட்டு நானும் சிரித்தேன். ஆனால் அன்று ராத்திரி வேறொரு ஞாபகம் வந்தது. இதே மாதிரி ஒரு தப்பை நானும் செய்திருக்கிறேன். ஊர் விஷயத்தில் இல்லை, ஒரு மனிதர் விஷயத்தில். இங்கே இருந்த ஒருவரையும், கேரளக் கடற்கரையில் இருந்த ஒருவரையும், பெயர் ஒன்று என்பதால் ஒரே ஆளாக ஆக்கிவிட்டேன். அதுவும் சாதாரணத் தப்பு இல்லை. ஒருவர் செய்த கொலையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டேன். அந்தக் கணக்கைச் சரிசெய்யத்தான் இந்தக் கட்டுரை.

பர்வதமலையில் சொன்ன கதை

சில வருஷங்களுக்கு முன் நண்பர்கள் நாலைந்து பேரோடு பர்வதமலை ஏறினேன். கண்ணமங்கலத்திலிருந்து போளூர் போய், கலசபாக்கம் பக்கம் திரும்பினால் தென்மகாதேவமங்கலம் வரும். அங்கிருந்து ஏற்றம். கடைசிப் பகுதியில் பாறையில் அடித்த இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். உச்சியில் மல்லிகார்ச்சுனர் கோயில்.

இந்த மலைதான் சங்க இலக்கியத்தில் வரும் நவிரமலை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். நன்னன் என்ற வேளின் மலை. நடுவழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, நான் என் படிப்பைக் காட்ட நினைத்து ஒரு கதையை எடுத்துவிட்டேன். நன்னனின் காவல்மரம் ஒரு மாமரம். அதன் காய் ஆற்றில் மிதந்து வந்தது. குளிக்கப் போன ஒரு பெண் அதை எடுத்துத் தின்றாள். அதற்காக நன்னன் அவளைக் கொன்றான். நண்பர்கள் 'அடப்பாவி' என்றார்கள்.

பக்கத்துப் பாறையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அடிவாரத்து ஊர்க்காரர், மேலே பூஜைச் சாமான் தூக்கிக்கொண்டு போகிறவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்: "ஏன் சாமி, அந்தப் பாவி நம்ம மலைக்காரனா?"

"ஆமாங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. அவர் மறுபடி எதுவும் பேசவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டார். ஊருக்கு வந்ததும் அதையே ஒரு குறிப்பாகவும் எழுதினேன். அப்புறம்தான் மூல நூல்களை ஒழுங்காகப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். படித்த பிறகு அந்தப் பெரியவர் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

மாங்காயும் 81 யானைகளும்

முதலில் அந்தக் கொலைக் கதை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். குறுந்தொகையின் 292ஆம் பாட்டு. பாடியவர் பரணர். இதில் வேடிக்கை என்னவென்றால், அது ஒரு காதல் பாட்டு. ஒருநாள் தலைவன் விருந்தாளி போலச் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்து போகிறான். அன்றிலிருந்து தாய்க்குச் சந்தேகம். பகை சூழ்ந்த ஊர்க்காரர்கள் மாதிரி ராத்திரியெல்லாம் விழித்துக் காவல் காக்கிறாள். எரிச்சலான தோழி, 'இந்த அம்மா நன்னன் போன நரகத்துக்குத்தான் போவாள்' என்று சபிக்கிறாள்.

அந்தச் சாபத்துக்கு நடுவில்தான் கொலைச் செய்தி வருகிறது. குளிக்கப் போன பெண், தண்ணீர் கொண்டுவந்த பச்சைக் காயைத் தின்றாள். அந்தத் தப்புக்கு ஈடாக 81 களிறுகளும், அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையும் தர முன்வந்தார்கள். நன்னன் வாங்கிக்கொள்ளவில்லை. கொன்றான். அதனால் அவனுக்குப் 'பெண்கொலை புரிந்த நன்னன்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பரணர் இதை விளக்கிச் சொல்லவில்லை, சும்மா உவமையாகத் தொட்டுவிட்டுப் போகிறார். அப்படியென்றால் கேட்பவர்களுக்கு இந்தக் கதை ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. ஒரு தோழி திட்டுவதற்குக்கூட எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அது நாடு முழுக்கப் பரவியிருந்திருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பாட்டில் ஊரும் இல்லை, மலையும் இல்லை, ஆற்றின் பெயரும் இல்லை. வெறும் 'நன்னன்'. எல்லாக் குழப்பமும் இங்கேதான் ஆரம்பம்.

எங்க பக்கத்து நன்னன்

இப்போது நம்ம மலைக்காரரிடம் வருவோம். பத்துப்பாட்டில் கடைசி நூல் மலைபடுகடாம். மொத்தம் 583 அடிகள். பத்துப்பாட்டில் மதுரைக்காஞ்சிக்கு அடுத்தபடியாக நீளமான பாட்டு இதுதான். பாடியவர் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவனை நூலின் இறுதிக் குறிப்பு இப்படி அடையாளம் சொல்கிறது: பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து வேள், நன்னன் சேய் நன்னன். செங்கண்மா என்பது இன்றைய செங்கம். பல்குன்றக் கோட்டம் தொண்டை மண்டலத்துக் கோட்டங்களில் ஒன்று. எங்க பக்கம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று சொல்லத் தேவையில்லை. எங்கே பார்த்தாலும் குன்றுதான்.

இந்தப் பாட்டு ஒரு வழிகாட்டி. நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்பும் கூத்தன், எதிரே பசியோடு வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். எந்த ஊர்க்காரர் என்ன சாப்பாடு போடுவார்கள், எங்கே பன்றி பிடிக்கப் பொறி வைத்திருப்பார்கள், எங்கே பாறை வழுக்கும், தினைப்புனம் காக்கிறவர்கள் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், பாம்பு எங்கே இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். மலையை யானையாகவும், மலையில் எழும் பல ஓசைகளை அந்த யானையின் மதமாகவும் கற்பனை செய்வதால்தான் மலைபடுகடாம் என்று பெயர். கடாம் என்றால் மதநீர். அருவிச் சத்தம், தேனெடுக்கும் குறவர் சத்தம், தினை குற்றும் பெண்கள் பாட்டு, காயம்பட்ட கணவனுக்காகப் பெண் பாடும் பாட்டு எல்லாம் அந்தப் பட்டியலில் வருகிறது.

இதில் வரும் சேயாறு, இன்றும் அதே பெயரில் ஜவ்வாது மலையில் தோன்றி ஓடும் செய்யாறு. எங்க ஊர் நாகநதித் தண்ணீரும் கமண்டல நதியோடு சேர்ந்து கடைசியில் அதில்தான் போய்க் கலக்கிறது. பாட்டில் வரும் தினையும் தேனும் பலாவும் இன்றைக்கும் ஜவ்வாது மலையிலிருந்து கீழே சந்தைக்கு வருகிறது.

இந்த நன்னனை ஊர் மறக்கவும் இல்லை. செங்கத்தில் உள்ள இடைக்காலக் கல்வெட்டுப் பாட்டு ஒன்று இந்த மலையை நன்னனின் மலை என்றே சொல்லி, அவன் மேல் பாடிய 'கடாம்' பாட்டையும் நினைவுகூர்கிறது. பாட்டு எழுதிப் பல நூற்றாண்டு கழித்தும் உள்ளூரில் அவனுக்கு இருந்த பெயர் இதுதான்: பாட்டுப் பெற்றவன்.

மேற்குக் கடற்கரை நன்னன்

இன்னொரு நன்னன் இருந்தது கொண்கானத்தில். அவன் மலை ஏழில். இன்றைய கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் ஏழிமலைதான் அது. இப்போது அங்கே இந்தியக் கடற்படை அகாதமி இருக்கிறது. செங்கமும் ஏழிமலையும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில், வடக்கு 12 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. நடுவே நேர்கோட்டில் சுமார் 400 கிலோமீட்டர் தூரம், குறுக்கே மேற்குத் தொடர்ச்சி மலை.

இந்த ஏழில் நன்னனைப் பற்றிப் பாட்டுகள் நிறைய. நற்றிணை 391 பொன் கிடைக்கும் கொண்கான நாட்டு நன்னனையும் அவன் ஏழில் குன்றத்தையும் சொல்கிறது. பாழி என்ற காவல் மிகுந்த இடம் அவனுடையது. அந்தப் பாழியில் நடந்த போரில் ஆய் எயினன் என்பவன், நன்னன் பக்கம் நின்ற மிஞிலியோடு மோதி மாண்டான். கடைசியில் சேர அரசன் களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல் நன்னனை வென்றான். வாகைப் பெருந்துறைப் போரில் நன்னன் விழுந்ததையும், சேரன் தான் இழந்த நாட்டைத் திரும்பப் பெற்றதையும் அகநானூறு 199இல் கல்லாடனார் சொல்கிறார். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்துப் பதிகமும் அதையே சொல்லி, நன்னனின் வாகை மரத்தை வெட்டியதையும் சேர்த்துச் சொல்கிறது.

இன்னொரு மரமும் இருக்கிறது. குறுந்தொகை 73இல் பரணர், நன்னனின் மாமரத்தை வெட்டிய கோசரைப் பற்றிச் சொல்கிறார். 292இல் வந்த அதே மாமரம்தான் இது என்பது உரைகாரர்கள் கருத்து. அகநானூற்றின் 15ஆம் பாட்டு கோசரைத் துளு நாட்டோடு சேர்த்துச் சொல்கிறது. துளு நாடு ஏழிமலைக்கு நேர் வடக்கே இருக்கிறது. செங்கத்திலிருந்து பார்த்தால் அது ரொம்பத் தூரம்.

வேறு யார் யார்?

இவர்களோடு முடியவில்லை. அகநானூறு 97 வியலூருக்குரிய நன்னன் வேண்மானைச் சொல்கிறது. 258 நன்னன் உதியனைச் சொல்கிறது. பாழியில் பொன் சேர்த்து வைத்த சேதி அங்கேதான் வருகிறது. 44ஆம் பாட்டில், சோழனின் படைத்தலைவன் பழையனை எதிர்த்துச் சேர்ந்த தலைவர்கள் பட்டியலில் ஒரு நன்னன் நிற்கிறான். மதுரைக்காஞ்சியில் நன்னனின் நன்னாள் விழா ஆரவாரம் உவமையாக வருகிறது. இவர்களில் சிலர் ஒரே ஆளாக இருக்கலாம். ஆனால் எல்லாரும் ஒரே ஆள் இல்லை.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் எங்க வகுப்பில் மூன்று முருகன். ஒருவன் கடைக்கார முருகன், ஒருவன் ரயில்வே முருகன், இன்னொருவன் குட்டை முருகன். ஒருநாள் ஜன்னல் கண்ணாடியைக் கடைக்கார முருகன் உடைத்தான். 'முருகன் உடைச்சிட்டான் சார்' என்று யாரோ கத்த, அடி வாங்கியது ரயில்வே முருகன். அடைமொழி இல்லாமல் பெயர் சொன்னால் இதுதான் நடக்கும்.

சங்கப் புலவர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அடையாளம் சேர்த்துப் பாடினார்கள். இடத்தைச் சேர்த்தால் ஏழில் நன்னன். குடியைச் சேர்த்தால் நன்னன் வேண்மான். செயலைச் சேர்த்தால் பெண்கொலை புரிந்த நன்னன். செங்கத்துக்காரருக்கு அப்பா பெயரையே சேர்க்க வேண்டியிருந்தது. ஆனால் அப்பாவும் நன்னன்! நம்முடைய இன்ஷியல் முறைப்படி எழுதினால் ந. நன்னன்.

பெயர்க் குழப்பம் நன்னனுக்கு மட்டும் வந்தது இல்லை. ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம் தகடூரில், இன்றைய தருமபுரியில், அதியமான் நெடுமான் அஞ்சியோடு இருந்த ஔவை ஒருவர். ஆத்திசூடி எழுதிய ஔவை பல நூற்றாண்டு கழித்து வந்தவர். ஆனால் நம் மனதில் நெல்லிக்கனி வாங்கியதும், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதும் ஒரே கிழவிதான். சைவத் திருமுறையில் பதினோராம் திருமுறையைத் திறந்தால் நக்கீரதேவர், கபிலதேவர், பரணதேவர் என்று மூன்று பேர் வரிசையாக வருவார்கள். சங்கத்து நக்கீரர், கபிலர், பரணர் வேறு, இவர்கள் பிற்காலத்தவர்கள்.

எங்க ஊருக்குப் பக்கத்திலேயே படைவீடு இருக்கிறது, சம்புவராயர்களின் தலைநகர். அந்தக் குடியில் குலோத்துங்கசோழச் சம்புவராயன், எதிரிலிசோழச் சம்புவராயன் என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்டார்கள். மேலே இருக்கும் சோழனின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வது அன்றைய மரியாதை. பின்னால் கல்வெட்டு படிப்பவனுக்கு அது தலைவலி.

ரோமாபுரியிலும் இதே கதை. முசிறித் துறைமுகத்தைப் பற்றி எழுதிய பிளினி, கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனார். அந்த வெடிப்பைக் கடிதங்களில் எழுதி வைத்தவரும் பிளினிதான், ஆனால் அவர் இவருடைய சகோதரி மகன். மாமாவையும் மருமகனையும் இடைக்கால ஐரோப்பா ஒரே ஆளாகப் போட்டுக் குழப்பியது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெரோனா நகரத்து ஜியோவன்னி என்பவர் 'பிளினி ஒருவர் இல்லை, இருவர்' என்று ஒரு சின்னக் குறிப்பு எழுதித் தீர்த்து வைத்தார். இப்படிக் குறிப்பு எழுதுவது பழைய தொழில்தான் என்று எனக்கு அதில் ஒரு ஆறுதல்.

ஆனால் ஔவையையும் பிளினியையும் குழப்பினால் யாருக்கும் பெரிய கேடு இல்லை. ஒருவர் புகழ் இன்னொருவருக்குப் போகும், அவ்வளவுதான். நன்னன் விஷயத்தில் மாறிப் போவது பழி.

கொலை யார் கணக்கில்?

ஊர் சொல்லாத 292ஆம் பாட்டை எந்த நன்னன் கணக்கில் எழுதுவது? நான் ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, கிடைத்த இடப்பெயர்களை எல்லாம் இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன்.

ஒரு பக்கம் செங்கண்மா, நவிரமலை, சேயாறு. இன்னொரு பக்கம் ஏழில், பாழி, கொண்கானம், வாகைப் பெருந்துறை. இந்த இரண்டு கூட்டமும் ஒரு பாட்டில்கூட ஒன்றோடு ஒன்று கலக்கவில்லை. மலைபடுகடாத்தின் 583 அடிகளில் காவல் மாமரம் இல்லை, ஏழில் இல்லை, கோசர் இல்லை. மேற்கு நன்னனைப் பாடும் பாட்டுகளில் சேயாறு இல்லை, நவிரம் இல்லை.

அடுத்தது பாடியவர். மாங்காய்க் கொலையைச் சொல்பவரும் பரணர். மாமரத்தைக் கோசர் வெட்டியதைச் சொல்பவரும் பரணர். ஏழில் நன்னனையும் பாழியையும் அகநானூற்றில் பல தடவை பாடுபவரும் பரணர். அவர் வெறும் 'நன்னன்' என்று சொன்னால், அவர் எப்போதும் பேசும் நன்னனைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வதுதான் நியாயம்.

மூன்றாவது சாட்சிதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. புறநானூறு 151. இளங்கண்டீரக்கோவும் இளவிச்சிக்கோவும் ஒன்றாக இருக்கும்போது பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர் அங்கே போகிறார். கண்டீரக்கோவை மட்டும் கட்டித் தழுவுகிறார். விச்சிக்கோவைத் தழுவவில்லை. என்னை ஏன் விட்டுவிட்டீர் என்று கேட்டதற்குப் பதிலாக வந்த பாட்டு அது. இவன் குடியில் ஆண்கள் ஊரில் இல்லாவிட்டாலும் பெண்களே பாடி வந்தவர்களுக்கு யானை பரிசு தருவார்கள், அதனால் தழுவினேன். உன்னையும் தழுவலாம்தான். ஆனால் நீ நன்னன் வழி வந்தவன். உங்கள் வீடு பாடுகிறவர்களுக்குக் கதவை அடைத்தது. அதனால் எங்களைப் போன்றவர்கள் உன் மலையைப் பாடுவதையே விட்டுவிட்டோம்.

ஒரு நிமிஷம் அந்த விச்சிக்கோவை நினைத்துப் பாருங்கள். இளைஞன். மாமரத்துக் கதை அவன் செய்தது இல்லை. சபையில், இன்னொருவனைக் கட்டிப்பிடித்த கை தன்னைத் தாண்டிப் போகிறது. காரணம் ஒரு பெயர். புலவர் கொலையை விவரிக்கக்கூட இல்லை. 'நன்னன் வழி' என்ற சொல்லே போதுமானதாக இருந்தது.

இங்கேதான் செங்கத்துக்காரருக்கு ஆதாரம் இருக்கிறது. கொலைகார நன்னனின் வழியில் வந்தவன் மலையைப் பாடவே மாட்டோம் என்று புலவர்கள் ஒதுங்கினார்கள். அந்தப் பழி செங்கத்து நன்னன் மேல் இருந்திருந்தால், அவன் மலையின் ஒவ்வொரு சத்தத்தையும் எண்ணி எண்ணி 583 அடி பாடியிருப்பார்களா? கூத்தர்களை 'அவனிடம் போங்கள், பயப்படாமல் போங்கள்' என்று வழி சொல்லி அனுப்பியிருப்பார்களா? 'அப்பாவும் நன்னன்தானே, அப்பா செய்திருந்தால்?' என்று கேட்கலாம். அப்பா செய்திருந்தாலும் மகன் விச்சிக்கோ நின்ற இடத்தில்தான் நின்றிருப்பான். இது நேரடிச் சாட்சி இல்லை, ஊகம்தான். ஆனால் இடப்பெயர், பாடியவர், இந்தப் புறப்பாட்டு மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

ஆகவே, பெரியவரே, அந்தப் பாவி நம்ம மலைக்காரன் இல்லை. அன்று நான் சொன்னது தப்பு.

பெயர் உள்ள கற்கள், பெயர் இல்லாத பெண்

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் செங்கத்தைப் பற்றிப் படிக்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது.

மலைபடுகடாத்தில் கூத்தன் வழி சொல்லும்போது, பாதை பிரியும் இடங்களில் வீரர்களின் பெயரோடு நட்ட கற்கள் நிறைய இருக்கும் என்கிறான். இது சும்மா கவிதைக்காகச் சொன்னது இல்லை. செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்தன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று இரா. நாகசாமி பதிப்பித்த தொகுப்பையே வெளியிட்டது. கிடைத்தவை பாட்டுக்குப் பிந்தியவை, பெரும்பாலும் பல்லவர் காலம். ஆனால் வழக்கம் அதேதான்.

அந்தக் கற்களில் எழுதும் முறைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய ஆள், அவன் பெயர் என்ன, எப்படிச் செத்தான். பெரும்பாலும் மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவர்கள். மாட்டு மந்தைக்கு அந்தக் கற்களில் தொறு என்று பெயர். இத்தனை விவரமும் எதற்கு? இன்னொருவனோடு இவனைக் குழப்பிவிடக் கூடாது என்பதற்குத்தான். எடுத்தனூர் என்ற ஊரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அதில் அவன் நாயையும் செதுக்கி, கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். கோவிவன். ஒரு நாய்க்கு 1,400 வருஷமாகப் பெயர் நிற்கிறது.

மாங்காய் தின்ற பெண்ணுக்குப் பெயர் இல்லை.

இது எனக்கு இவ்வளவு நாள் உறைக்கவே இல்லை. எந்த நன்னன், எத்தனை நன்னன், எந்த மலை, எந்த மரம் என்று தாளில் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். மரத்துக்கு வகை உண்டு. யானைக்குக் கணக்கு உண்டு. கொன்றவன் பெயரைப் பங்குபோட நாலைந்து பேர் இருக்கிறார்கள். கொல்லப்பட்டவள் வெறும் 'பெண்'. அவள் எடைக்குப் பொன் தருகிறோம் என்று ஓடிவந்தவர்கள் அவளை ஏதோ ஒரு பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஆனைமலையில் மாசாணியம்மன் கோயில் இருக்கிறது. அம்மன் மல்லாந்து படுத்த கோலத்தில் பெரிய உருவமாக இருப்பாள். அந்தப் பக்கத்து மக்கள், நன்னன் கொன்ற பெண்தான் இவள் என்று சொல்கிறார்கள். மாங்காய்க் கதையை அவர்கள் ஊர் ஆற்றோடு சேர்த்தே சொல்வார்கள். இலக்கியக் கணக்குப்படி அதையும் ஏழில் பக்கம் தள்ளிவிடலாம்தான். ஆனால் அங்கே நடப்பதைப் பார்த்தால் அப்படித் தள்ள மனசு வராது. பொருள் திருடு போனவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள், நியாயம் கிடைக்காதவர்கள் வந்து மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டுப் போகிறார்கள். நியாயம் கிடைக்காமல் செத்தவளிடம்தான் நியாயம் கேட்கிறார்கள். பாட்டு அவளுக்கு ஒரு பெயர் வைக்கவில்லை, ஜனங்கள் வைத்துவிட்டார்கள்.

நண்பர் அன்று சரியான கண்ணமங்கலத்துக்கே வந்து சேர்ந்தார். அவரோடு ஒரு தடவை பர்வதமலை ஏறுவதாகத் திட்டம் இருக்கிறது. அந்தப் பெரியவர் இப்போதும் மூட்டை தூக்குகிறாரா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பார்த்தால் முதலில் நன்னனைப் பற்றித் திருத்திச் சொல்வேன். அப்புறம் கதையை மறுபடி சொல்வேன். இந்தத் தடவை மன்னனிலிருந்து ஆரம்பிக்காமல், ஆற்றில் குளிக்கப் போனவளிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.